சூட்டில் நிற்கும் வண்டி

பனவடலிசத்திரம் தாண்டி, காட்டோரத்தில் காரின் பேனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான் பேச்சிராஜா. உச்சி வெயில். மெக்கானிக் மகாராஜன் பைக்கிலிருந்து இறங்குவதற்குள்ளேயே, "ஓடிக்கிட்டு இருந்த வண்டி வே, சட்டுனு நின்னுட்டு. ஆர்பிஎம் முள்ளு அப்படியே பூஜ்யத்துல விழுந்துட்டு. ஒரு குலுக்கல்கூட இல்ல" என்றான் பேச்சிராஜா.

இதே வார்த்தைகளை மகாராஜன் ஏற்கெனவே கேட்டிருந்தான்.

சொன்னவள் பேச்சிராஜாவின் மனைவி ஜெயசித்ரா. திருவேங்கடத்தில் நர்ஸ் வேலை. தன் சம்பாத்தியத்தில் இந்தப் பழைய காரை வாங்கி, தானே ஓட்டப் பழகியவள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் ராஜபாளையம் ரோட்டிலிருக்கும் இவன் பட்டறைக்கு வந்து, முள் விழுவதையும், அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் மறுபடி ஸ்டார்ட் ஆவதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கூடவே பேச்சிராஜாவும் அவன் அண்ணனும் வந்திருந்தார்கள். மகாராஜன் ஸ்கேனரை மாட்டினான். அது எந்தக் கோளாறையும் காட்டவில்லை. ஆறிக் கிடந்த வண்டியைப் பக்கத்துக் கோயில் வாசல்வரை ஓட்டிவிட்டுத் திரும்பினான்.

"வண்டியில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சிஸ்டர் கிளச்ச வெடுக்குனு விடுதாங்க போல. லேடீஸ் கைல இருக்க வண்டின்னா சகஜந்தான்."

அண்ணன் தம்பி இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ருசித்ததால் மகாராஜனும் சிரித்தான். பேச்சிராஜா சாவியை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து வண்டி அவனிடம், அவளுக்கு பஸ்.

இப்போது மகாராஜன் துணியை நனைத்து, குனிந்து, இன்ஜினின் அடியிலிருந்த கிராங்க் சென்சாரின்மேல் சுற்றினான். கொஞ்ச நேரம் பொறுத்துச் சாவியைத் திருப்பினான். வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

"இன்ஜின் சுத்துறத கம்ப்யூட்டருக்குச் சொல்லுற சாமான் இது. சூடேறினா செத்துரும், ஆறினா உயிர் வந்துரும். காலையில பாத்தா தெரியாது" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

பேச்சிராஜா ரோட்டைப் பார்த்தபடி இருந்தான். "அவகிட்ட சொல்ல வேண்டாம் வே. திரும்பச் சாவி கேப்பா."

மகாராஜன் தலையாட்டிவிட்டான்.

பட்டறையில் புதுச் சென்சாரை மாட்டும்போது அந்தத் தலையாட்டல்தான் அவனைக் குடைந்தது. ஒரு வேன் டிரைவர் இதே அடையாளத்தைச் சொல்லியிருந்தால் "எத்தன கிலோமீட்டர் ஓடினதும் நிக்கி?" என்று கேட்டிருப்பான். சூடேறும்வரை ஓட்டியும் பார்த்திருப்பான். அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இருபது வருஷத் தொழிலில் அவள் அளவுக்குத் துல்லியமாக யாருமே கோளாறு சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தபோது காது மடல்கள் சுட்டன.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அவளைத் தேடிப் போனான். திருவேங்கடம் பஸ்ஸுக்காகத் தூணோரம் நின்றிருந்தாள்.

"சிஸ்டர், அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. சென்சார் போயிருக்கு. நான்தான் ஒழுங்காப் பாக்கல. மன்னிச்சிருங்க."

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. எங்கிட்ட வந்து சொல்லுதீகளே, அன்னைக்கு யார் முன்னால வச்சுச் சொன்னீக?"

பஸ் வந்தது. ஆட்களுக்கிடையே புகுந்து ஏறிவிட்டாள்.

மூன்று நாள் அவன் தனக்குத்தானே சாக்குச் சொல்லிப் பார்த்தான். புருஷன் பொண்டாட்டிக்குள்ளே நாம் ஏன், நல்ல வாடிக்கை போய்விடுமே என்றெல்லாம். ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அவர்கள் வீட்டுக்குப் போனான். அண்ணனும் தம்பியும் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வே, கூப்பிடாமலே வந்திருக்க?" என்றான் பேச்சிராஜா.

உட்காரச் சொன்னபோதும் மகாராஜன் உட்காரவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு அண்ணாச்சி. சிஸ்டருக்கு நல்லாவே ஓட்டத் தெரியும். எனக்குத்தான் பாக்கத் தெரியல. உங்க ரெண்டு பேரையும் சிரிக்க வைக்கணும்னு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

அண்ணன் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினான். பேச்சிராஜாவின் முகம் கறுத்தது. மகாராஜன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுப்படியிலிருந்து ஜெயசித்ரா வந்தாள். மகாராஜன் பக்கம் திரும்பவே இல்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு புருஷன் முன்னால் போய் நின்று, சாவி இருந்த சட்டைப்பைக்கு நேராக உள்ளங்கையை விரித்து நீட்டினாள். டிவியின் நீல வெளிச்சம் அந்தக் கையில் விழுந்து மாறி மாறி அசைந்துகொண்டிருந்தது.