ஆறாவது பட்டம்

நாற்பத்திரண்டாம் வருஷம் தந்திக்கம்பியை அறுத்துவிட்டு மாடக்கண்ணு குற்றாலத்து மலையில் ஒளிந்திருந்தான். எந்தக் குகை என்று அவன் அக்காள் ஆவுடைத்தாய்க்கே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஏற்பாடு. தென்காசியிலிருந்து அவனுக்குப் போகும் கடிதத்தில் எழுத்தே இருக்காது, வெறும் எண்கள். உயிரெழுத்து, மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்; வரிசையும் கலைத்துப் போட்டது. அந்த அட்டவணையை அக்காளும் தம்பியும் மனப்பாடம் செய்து அடுப்பில் போட்டுவிட்டார்கள். இரண்டு மண்டைகளைத் தவிர அது வேறெங்கும் இல்லை.

ஓட்டை ஒன்றுதான். அதன் பெயர் சிவனணைந்தபெருமாள்.

அவர் ஊர் இயக்கத்தின் தலைவர். அவர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூட டீச்சரான ஆவுடைத்தாய் எண்ணாக்குவாள். முதல் வரியில் அவருடைய பட்டங்கள் அத்தனையும் வந்தாக வேண்டும். தேசபக்த சிரோமணி, தியாகச் சுடர் என்று நீளும் வரிசை அது. தியாகச் சுடர், முப்பதாம் வருஷம் மூன்று நாள் காப்பி குடிக்காமல் இருந்ததற்காக.

"அண்ணாச்சி, ரகசியக் கடுதாசிக்குப் பட்டம் எதுக்கு?" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். "எல்லாக் கடுதாசியும் ஒண்ணுபோலத் தொடங்குது. அந்த எண்ணுக்கு மேல உங்க பட்டத்தை எழுதிப் பாத்தா, எந்த எண் எந்த எழுத்துன்னு வெளிச்சமாயிரும்."

"மொட்டையா எழுதுனா அவன் என்னைய என்னன்னு நெனப்பான்? போலீசு மண்டைக்கு இதெல்லாம் எட்டாது தாயி. எழுது."

வியாழக்கிழமை காலையிலும் அப்படியே ஒரு கடிதம் போயிற்று. 'வெள்ளிக்கிழமை உச்சிவேளைக்குச் செண்பகாதேவி அருவிப் பாதையில் இறங்கி வா. வண்டி நிற்கும்.'

சாயங்காலம் அவள் வந்தபோது அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான். பெயர் தளவாய், மதுரைக்காரனாம், ஜில்லாவின் பெரிய மனிதர்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறானாம்.

"வாசப் பலகையிலே அஞ்சு பட்டந்தான் இருக்கு. அவ்வளவுதானா ஐயா?"

"ஆறு! பரோபகார திலகம் போன மாசந்தான் வந்துது. பலகையிலே எடம் இல்ல. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல போட்டுக்கிடும்."

"அதான பாத்தேன்," என்றான் தளவாய். "கடுதாசியிலேயும் இதே வரிசைதானா?"

"ஒரு எழுத்து மாறாது!"

தளவாய் நோட்டில் எழுதிக்கொண்டான். சேர்த்து எழுதவில்லை. ஒவ்வோர் எழுத்தாக, இடம் விட்டு இடம் விட்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டு. அந்தக் காலி வரி எண்களுக்கு என்று கதவோரம் நின்ற ஆவுடைத்தாய்க்குப் புரிந்துவிட்டது.

அவன் போனதும், "அவன் போலீசு, அண்ணாச்சி" என்றாள்.

"போலீசுக்காரன் இம்புட்டு மரியாதையாவா பேசுவான்?" என்று சிரித்தார் சிவனணைந்தபெருமாள்.

விடிந்ததும் குற்றாலத்துக்கு ஓடினாள். கடிதத்தைப் பழக்கூடையில் வைத்து மலைக்குக் கொண்டுபோவது சேக் மைதீன்தான். அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"நேத்தே பாறை இடுக்குல வச்சுட்டேனே டீச்சரம்மா," என்றார் அவர். "வழியில போலீசு கூடையைக் கொட்டிப் பாத்தாவ. சீட்டையும் எடுத்தாவ. கொஞ்ச நேரங்கழிச்சு அவுகளே மடிச்சுத் தந்துட்டாவ. நல்ல மனுசனுவ."

அவள் செண்பகாதேவிப் பாதைக்குப் போனாள். திருப்பத்தில், அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் ஆறேழு பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். எல்லார் தலையும் ஒரே அளவாக ஒட்ட வெட்டியிருந்தது. ஒருவன் கையிலும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

"வாங்க டீச்சர்," என்று பின்னாலிருந்து தளவாய் குரல் கேட்டது. "உங்க வேலை சுத்தம். மூணு வாரமா எங்க ஆளுக ஒரு எண்ணைக்கூட அசைக்க முடியல. அஞ்சு பட்டத்தை வச்சுப் பாத்தோம், பொருந்தவே இல்ல. ஆறாவது வந்ததும் பூட்டு தானாத் தொறந்துட்டுது."

மேலே, ஈரப் பாறைகளுக்கு நடுவே மாடக்கண்ணுவின் சிவப்புத் துண்டு தெரிந்தது. துள்ளித் துள்ளி இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"ஏலே, வராதலே! மேல ஓடு!"

அருவி அந்தக் குரலை அப்படியே விழுங்கிற்று. அவள் மறுபடியும் கத்தினாள். தொண்டை கம்மும் வரைக்கும் தளவாய் தடுக்கவில்லை.

"அண்ணாச்சியைக் கூட்டியாரவும் ஆள் போயிருக்கு," என்றான், நோட்டை மடித்துக்கொண்டே. "ஆறு பட்டத்தையும் சொல்லித்தான் கூப்பிடணும்னு சொல்லி விட்டிருக்கேன். இல்லைன்னா வரமாட்டாரு."