பெட்டிக்குள் மாட்டிய முடிவு

1

அறையில் இருந்தவர்கள்: அக்கா. அவளுடைய தம்பி. சர்வருக்குப் பொறுப்பானவர், கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பதால் 'துடைப்பம்'* என்று பேர் வாங்கியவர். அப்புறம், ஒரு காலி ஃபோல்டர்.

இந்தக் கதை அந்தக் காலி ஃபோல்டரிலிருந்துதான் வந்தது. பெரிய உந்துதல் எதுவும் இல்லை. முதலில் இப்படித் தொடங்கினேன்:

திரையின் நீல ஒளி அவள் முகத்தில் (வேண்டாம். திரை வெள்ளை. முகத்தில் எரிச்சல்தான் இருந்தது.)

* அவர் எதிரில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. அவருக்குத் தெரியும்.

2

விஷயம் இதுதான். சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே சிறுநீரில் ஏதாவது ஒரு புரதம் அதைக் காட்டிக்கொடுக்குமா என்று அக்கா தேடுகிறாள். நோயாளிகளின் மாதிரிகளைக் கருவி அளந்து கொடுத்துவிட்டது. எந்தப் புரதம் எவ்வளவு என்று அந்தக் குவியலைப் பிரித்துச் சொல்ல ஒரு மென்பொருள் வேண்டும். நாளைக் காலை ஆய்வை மதிப்பிடும் குழு கூடுகிறது. கையில் முடிவு இல்லையென்றால் ஆய்வுக்கு மூடுவிழா. மென்பொருள் ஓடவேண்டிய சர்வர் கணினியும் இன்று சாயங்காலத்தோடு வேறு துறைக்குப் போகிறது.

மென்பொருளை நேரடியாக நிறுவப் பார்த்து அக்கா நொந்துபோனாள். ஒன்றை ஏற்றினால் இன்னொன்று முறைத்துக்கொண்டது. தம்பிதான் கன்டெய்னரைக் கொண்டுவந்தான். மென்பொருளையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்த்து அடைத்த பெட்டி. இறக்கினான், ஓட்டினான். இரண்டு நாள் ஓடி முடிந்தது.

ஃபோல்டர் காலி.

3

"எங்கடா ரிசல்ட்?"

"இரு, பாக்கறேன்."

"ரெண்டு நாளா ஓடுது ஓடுதுன்னியே, எங்க ஓடிப்போச்சு?"

தம்பி தலையைச் சொறிந்தான். "அக்கா, மாதிரிகளோட அளவு இருக்கற ஃபோல்டரை மட்டும் பெட்டியோட இணைச்சிருக்கேன். ரிசல்ட் ஃபோல்டரை இணைக்கவே இல்ல. எல்லாத்தையும் உள்ளயே எழுதிடுச்சு."

"அப்போ பெட்டியத் தொற."

"முடிஞ்சதும் பெட்டி தானா அழியற மாதிரிதான்கா நான் எப்பவும் போடுவேன்."

(இங்கே எனக்குத் தம்பி மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஓர் அசடை வாசகர் நம்புவாரா? இந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டியவர்கள் நம்புவார்கள். மற்றவர்கள் என்னை நம்புங்கள்.)

துடைப்பம் மடிக்கணினியோடு வந்து நின்றார். "முடிஞ்சுதாம்மா? நின்னுபோன பெட்டியெல்லாம் அழிச்சிட்டு மெஷினைக் கொடுக்கணும்." விரல் என்டருக்கு மேலேயே இருந்தது.

4

கதைக்கு முதல் முடிவு: அழுத்திவிட்டார். எழுதிப் பார்த்தேன். சோகம் ரொம்பச் சுலபமாக வந்தது, அழித்துவிட்டேன்.

இரண்டாவது: அக்கா அவர் காலில் விழுந்து (விழமாட்டாள். விட்டுவிடுவோம்.)

மூன்றாவதில் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், கையை எடுங்க. டேய், எப்பவும் போடுவேன்னியே, இந்தத் தடவை போட்டியா? நீ அடிச்ச கமாண்டைக் காட்டு."

காட்டினான். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"பெட்டிய அழிக்கற வார்த்தை எங்கடா?"

தம்பி குனிந்து திரையைப் பார்த்தான். "அதையும் மறந்துட்டேன் போல."

"ரெண்டு தப்பு பண்ணிருக்கே."

"ஆமாக்கா."

"முதல் தப்பை மட்டும் பண்ணிருந்தா செத்திருப்பே."

ஓடி நின்ற பெட்டி அழியாமல் அப்படியே கிடந்தது. உள்ளே முடிவும் இருந்தது. வெளியே நகலெடுக்க ஒரு வரி போதும். தம்பியை நம்பாமல் அந்த வரியை அக்காவே அடித்தாள்.

"நான் குப்பைன்னுல்ல நெனச்சேன்" என்றார் துடைப்பம். மடிக்கணினியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

5

கோப்பு பென்டிரைவில் ஏறியது.

"தொறந்து பாரேன்கா."

"அப்புறம் பாக்கலாம். சார் பாவம், சாவியோட நிக்கறாரு."

அவள் தேடும் புரதம் அதில் இருக்கிறதா? எழுதினால் எழுதிவிடலாம். ஆனால் அக்கா திறப்பதற்கு முன்பே நான் திறந்து பார்ப்பது நியாயமில்லை. கோப்பு காலி இல்லை, அது மட்டும் உறுதி. நாளைக் காலை குழு முன்னால் அவள் அதைத் திறக்கும்போது நீங்களும் போய் உட்காருங்கள். முதல் வரியில் என்ன இருக்கிறது என்பதை உங்களிடம் விடுகிறேன். கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்ளுங்கள்.

தம்பி முதலில் வெளியேறினான். அக்கா பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இந்தத் தடவை உள்ளே எதையும் விட்டுவரவில்லை. அவள் வாசலைத் தாண்டியதும் துடைப்பம் கதவைச் சாத்திப் பூட்டினார்.