முதலாளிக்குக் கிடைத்த இரக்கம்

குமாஸ்தா "உட்காருங்கம்மா" என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அரசாங்க அலுவலகத்தில் மரியாதை தானாகக் கிடைத்தால், பின்னால் ஏதோ வயிற்றெரிச்சல் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் கேட்கப் போனது ஒரே விஷயம். அட்டைப்பெட்டி கம்பெனியில் வெட்டு மிஷின் என் வீட்டுக்காரரின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று மிஷினின் காப்பு மூடியைக் கழற்றச் சொன்னவர் முதலாளி. கோர்ட்டு அவருக்குப் பெரிய அபராதம் போட்டு, அதில் பெரும்பங்கை எங்களுக்கு நஷ்டஈடாகக் கொடுக்கச் சொல்லியிருந்தது. அந்தப் பணத்தில்தான் செயற்கைக் கை வாங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அளவுகூட எடுத்தாகிவிட்டது. பணம் எப்போது வரும்?

"வராதும்மா. அபராதத்தை அரசாங்கம் ரத்து பண்ணிருச்சு."

"கோர்ட்டு போட்டதை இவங்க எப்படி ரத்து பண்றது?"

"அதிகாரம் இருக்கு. குறைக்கலாம், முழுசாத் தள்ளுபடியும் பண்ணலாம். கட்ட வழியில்லாம ஜெயில்ல கிடக்கிறவங்களுக்கு இரக்கம் காட்டத்தான் வச்சிருக்காங்க."

"எங்க முதலாளி எந்த ஜெயில்ல கிடக்காரு?"

அவர் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனைப் பார்த்தார். "கம்பெனி நொடிச்சா எல்லாருக்கும் வேலை போயிடும்னு மனு கொடுத்திருக்காரு."

"சரி, அவரு அபராதம் தொலையட்டும். எங்க நஷ்டஈடு?"

"அது அபராதத்துக்குள்ளதானே இருந்துச்சு. அபராதமே இல்லைன்னா அதுவும் இல்லைம்மா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கை போனவனை ஒரு வார்த்தை கேட்காமல், கையை எடுத்தவனுக்கு இரக்கம் காட்ட இவர்கள் யார்? இதை அப்படியே கேட்டேன், நன்றாக உரக்கவே. பக்கத்து மேஜைக்காரர்கள் தலையைத் தூக்கினார்கள்.

"கேட்டாங்கம்மா." அவர் ஃபைலை என் பக்கம் திருப்பினார். "ஆட்சேபணை இல்லைன்னு உங்க வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்திருக்காரு. அதை வச்சுத்தான் இது பாஸாச்சு."

டைப் அடித்த தாள். கீழே இடது கையால் போட்ட கையெழுத்து. அந்தக் கோணல் எழுத்தை எனக்குத் தெரியாதா? பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டவளே நான்தான்.

பஸ்ஸில் வழியெல்லாம் மனுஷனை மனசுக்குள் கிழித்துத் தொங்கவிட்டேன். யாராவது தோளில் கை போட்டு இரண்டு வார்த்தை பேசினால் போதும், கட்டியிருக்கிற வேட்டியையும் அவிழ்த்துக் கொடுத்துவிடுவார். வீட்டுக்குப் போய் என்னென்ன சொல்லித் திட்டுவது என்று வரிசையாக யோசித்து வைத்துக்கொண்டேன்.

உள்ளே நுழைந்ததும், "முதலாளியோட அபராதம் ரத்தாம்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. நீ வேலைக்குப் போயிருந்தப்ப கம்பெனி மேனேஜர் பழமெல்லாம் வாங்கிட்டு வந்து கேட்டாரு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுறதுல நமக்கு என்ன லாபம்? நம்ம பணம் தனிதானே."

"தனி இல்லைங்க. அந்த அபராதத்துக்குள்ளதான் நம்ம பணம் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்து போச்சு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. யோசித்து வைத்திருந்த திட்டு ஒன்றுகூட என் வாயிலிருந்து வரவில்லை.

"மேனேஜருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாமலா பழத்தை வாங்கிட்டு நம்ம வீட்டு வாசப்படி ஏறுவான்?"

"போகும்போது என் தோளைத் தட்டிட்டு, 'உங்க பெரிய மனசு யாருக்கு வரும்'னு சொன்னான்." அதைச் சொல்லும்போது அவர் பல்லைக் கடித்தார். அடிபட்ட நாளிலிருந்து முதலாளியை ஒரு வார்த்தை குறை சொல்லாத மனுஷன். "சட்டையை எடு."

"எங்க போறீங்க?"

"கம்பெனிக்கு. முதலாளி முகத்தைப் பார்த்துக் கேட்கணும்."

சட்டையை மாட்டிவிட்டுப் பொத்தான் போட ஆரம்பித்தேன். அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது என் விரலில் தெரிந்தது. "சீக்கிரம் போடு," என்றார். எங்கே போட? எனக்கு இருந்த ஆத்திரத்தில், இரண்டு கை இருந்தும் பொத்தானை ஓட்டை மாற்றி ஓட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"விடு, போதும்," என்று பாதி திறந்த சட்டையோடு தெருவில் இறங்கினார். கதவைக்கூடப் பூட்டாமல் நானும் பின்னாலேயே போனேன்.