பத்துக்குப் பத்து வாங்கிய படம்

தங்கச்சிமடத்தில் இன்னாசி வீட்டில் இருக்கும் டிவிடிகளில், ஐந்து மார்க்குக்குக் கீழே வாங்கிய படங்கள் மறுமுறை போடும்போது திருந்திவிடுகின்றன. இன்னாசி ஒரு காலத்தில் மெயின் ரோட்டில் டிவிடி வாடகைக்குக் கொடுத்தவர். ஆளுக்கொரு செல்போன் வந்து கடை படுத்துவிட்டதும், சரக்கையெல்லாம் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து வீட்டு பீரோவில் அடுக்கினார். மத்தியானச் சாப்பாடு ஆனதும் பழைய படமாக ஒன்றைப் போட்டுப் பார்ப்பார். முடிந்ததும் பத்துக்கு எத்தனை என்று வாய்விட்டுச் சொல்வார். காசநோயில் செத்துப்போகிற கதாநாயகி ஒருத்தியின் படத்துக்கு மூன்று போட்டார். மறுவாரம் அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள், கடைசிவரை நன்றாகவே இருந்தாள். இரண்டு மார்க் வாங்கிய படத்தின் வில்லன் கொள்ளையடிப்பதை விட்டுவிட்டு மிளகாய்த் தோட்டம் போட்டான். பங்குச் சாமியார் வந்து பார்த்தார். விசுவாசத்துக்குக் கேடு ஒன்றுமில்லை என்று சொல்லி, குடும்பப் படம் ஒன்றை இரவல் வாங்கிப் போனார். டீக்கடை ஹமீது சுல்தான், தனக்கு உயிரான ஒரு படத்துக்கு, அதில் சாகும் நடிகையைப் பிழைக்க வைப்பதற்காகவே ஒரு மார்க் என்று சொல்லிப் பார்த்தார். படம் மாறவில்லை. மார்க் வயிற்றிலிருந்து வரவேண்டும், பொய் மார்க் செல்லாது என்று அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது.

இன்னாசி பத்துக்குப் பத்து போட்டது ஒரே ஒரு படத்துக்குத்தான். இந்தக் கரையிலேயே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கடைசியில் பாய்மர வள்ளம் ஒன்று புயலில் முழுகும். பாய் மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீர்மேல் கிடந்து அதுவும் போய்விடும். பிறகு வெறும் கடல். அந்த வெறும் கடலை வெகுநேரம் காட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கண் கலங்கும். துண்டால் துடைத்துக்கொண்டு, "கடலக் கடலாவே காட்டிருக்கான்யா. பத்து" என்பார்.

போன வருசம் வாடைக்காற்று நேரங்கெட்ட நேரத்தில் எழும்பியது. அவருடைய மகன் சகாயவினோத் ஓட்டிப்போன விசைப்படகைத் தவிர மற்ற படகுகளெல்லாம் காலையிலேயே கரைக்கு வந்துவிட்டன. தேடப் போனவர்கள் அலை ஏறவிடவில்லை என்று திரும்பி வந்தார்கள். மருமகள் ஜெப்சி விடிந்ததிலிருந்து படகு கட்டும் பாலத்தடியில் நின்றுவிட்டு, மத்தியானம் நனைந்த சேலையோடு வீட்டுக்குள் வந்தாள். மாமியார் ஜோதிமேரி ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தாள், உருட்டவில்லை. கரண்ட் அப்போதுதான் வந்தது. முதல் நாள் பிளேயரில் விட்டிருந்த டிஸ்க் தானாக ஓடத் தொடங்கியது. அந்தப் படம்தான். அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. புயல் கட்டத்தில், சாம்பல் நிற அலைகளுக்கு நடுவே, பச்சைப் பெயிண்ட் அடித்த விசைப்படகு ஒன்று இன்ஜின் நின்று கிடந்தது. படம் முழுக்க அது ஒன்றுக்குத்தான் நிறம் இருந்தது.

"மாமா, அது நம்ம போட்டு" என்றாள் ஜெப்சி.

பாய்மர வள்ளம் முழுகியது. பச்சைப் படகின் முன்பக்கம் தண்ணீருக்குள் குத்தி ஒருவழியாக மேலே வந்தது. படம் முடிந்தது.

"சைபர்" என்று கத்தினார் இன்னாசி.

புயல் கட்டத்துக்கு ஓட்டி மறுபடி போட்டார்கள். பாய்மர வள்ளம் முன்போலவே முழுகியது. பச்சைப் படகு இந்தத் தடவை இன்னும் தாழ்ந்திருந்தது. ஆட்கள் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். சைபர், சைபர் என்று அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னார். ஜெப்சியும் சொன்னாள். அவள் படத்தையே பார்க்கவில்லை, படகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் அவள் மார்க்கும் சேரவில்லை. ஜோதிமேரி எழுந்து வந்து புருசனுக்கு முன்னால் நின்றாள்.

"இத்தன வருசமா இந்த முடிவப் பாத்து அழுவுறீங்களே, அது துக்கமா? ருசிச்சுல்ல அழுதீங்க. இப்பவும் உங்க வாய்தான் சைபருங்குது. உள்ளுக்குள்ள பத்துதான் கெடக்கு."

இன்னாசிக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது நிஜம் என்பதால் வந்த கோபம். மகன் சாகக் கிடக்கிற நேரத்திலும், அந்தப் பாய் அமிழும்போது அவர் மனசின் ஒரு மூலை, என்னமா எடுத்திருக்கான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை எப்படிப் பிடுங்கி எறிவது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவது தடவையும் போட்டார்.

இந்தத் தடவை பாயைப் பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திரையின் ஓரத்துக்குத் திருப்பினார். அங்கே கரையில், தலையில் கூடையோடு ஒருத்தி நின்றாள். கதையில் அவளுக்குப் பெயர் கிடையாது. எத்தனையோ தடவை பார்த்த படத்தில் அவளை அவர் கண்டதே இல்லை. முழுகுகிற வள்ளத்தில் அவளுக்கு வேண்டியவன் யாரோ இருந்தான். கூடை நழுவியது, அவள் வாய் திறந்தது, என்ன கத்துகிறாள் என்று கேட்பதற்குள் படம் அவளை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டது. அழகான வெறும் கடல். போய்க்கொண்டே இருந்தது. பின்னால் ஜெப்சியின் மூச்சு விட்டு விட்டு வருவது அவருக்குக் கேட்டது.

"ஏலே, அவ மூஞ்சியக் காட்டுலே! அவள அங்கன விட்டுட்டு என்னத்தலே காட்டிக்கிட்டு இருக்க?" என்றார். குரல் அடங்கிப்போய்விட்டது. "மனுசன் எடுப்பானா இத? சைபர்."

அவர் போடாமலேயே படம் மறுபடி ஓடியது. பாய் தண்ணீரில் படிந்தது, பிறகு சட்டென்று நிமிர்ந்தது. வள்ளத்தில் இருந்தவர்கள் வடக்கயிறு ஒன்றை எடுத்துப் பச்சைப் படகை நோக்கி வீசினார்கள். முதல் வீச்சு தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதை ஒருவன் எட்டிப் பிடித்தான். ஜோதிமேரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெப்சி பாலத்தடிக்கு ஓடினாள்.

சாயங்காலம் படகு வந்தது. பாய்மர வள்ளம் ஒன்று அதை இழுத்து வந்ததைக் கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அதன் ஆட்கள் சாம்பல் நிறத்தில் இருந்தார்கள், சாம்பல் நிறத்தில் சிரித்தார்கள், கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மறுபடி கடலுக்குள் போனார்கள். அன்று விசாரிக்க வந்த அதிகாரி அதை நாட்டு வள்ளம் என்று எழுதிக்கொண்டு போனார்.

சகாயவினோத் ஒரு நாள் முழுக்கத் தூங்கினான். படம் இப்போது அந்தக் கூடைக்காரியின் முகத்தோடு முடிகிறது. இன்னாசி அதற்கு ஏழு போட்டார். வள்ளம் கரை சேர்ந்த பிறகு கதை கொஞ்சம் இழுக்கிறது என்பது அவர் கருத்து.

கயிற்றைப் பிடித்த சகாயவினோத்தின் வலது உள்ளங்கை சாம்பலாகிப்போனது, அதற்கு நிறம் திரும்பவே இல்லை. ஜெப்சி தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்து, வலி இல்லை என்றானதும் விட்டுவிட்டாள். காற்று தணிந்த வாரமே அவன் கடலுக்குப் போனான். வலையிலிருந்து அவன் பிரித்தெடுக்கும் இறால், அந்தக் கையில் இருக்கும்வரை கறுப்பு வெள்ளையாக இருக்கும், கூடையில் விழுந்ததும் நிறம் வந்துவிடும். வியாபாரிகள் அதற்காக விலையைக் குறைப்பதில்லை.