முந்நூற்றுப் பன்னிரண்டு மூட்டை

1951 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை பூங்காவனம் சிவப்புப் பென்சிலால் ஓர் எண்ணை அடித்தாள்; புதன்கிழமை காலை மொக்கா பக்கத்துத் தோட்டத்தில் பதினேழாம் கரும்புப் பாத்தி இல்லை. யாரும் வெட்டவில்லை, எரிக்கவும் இல்லை. பதினாறாம் பாத்தியும் பதினெட்டாம் பாத்தியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன, ஓரத்து வண்டிப்பாதை பன்னிரண்டு அடி குறைந்திருந்தது. மேஸ்திரி பாதையை இரண்டு தரம் நடந்து பார்த்தான். கி பு ஃபேர், என்ன செய்வது என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாத்திகளுக்கு எருப் போடப் போனான்.

பூங்காவனம் வேலை பார்த்தது தீவின் தலைநகரான போர்ட் லூயியில், துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு மரக்கட்டிடத்தில். பலகையில் ஆராய்ச்சி என்று என்னவோ பெரிதாக எழுதியிருந்தாலும் ஊருக்கு அது கணக்கு ஆபீஸ்தான். கரும்பு எவ்வளவு விளையும், மழை எங்கே பெய்யும், காய்ச்சல் எத்தனை பேருக்கு வரும், ரோஸ் ஹில் பஸ் எத்தனை நிமிஷத்தில் வந்து சேரும், எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு சராசரி கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். கைப்பிடி வைத்த கணக்கு மெஷின்கள் ஆறு இருந்தன. அவற்றில் ஒன்றைப் பூங்காவனம் சுற்றுகிற வேகத்துக்கு ஆபீசில் யாரும் ஈடு இல்லை. மேலதிகாரி முஸ்யே தெனி ஒரே ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: கூட்டத்தோடு ஒட்டாமல் வெகுதூரம் தள்ளி நிற்கும் எண் கணக்கைக் கெடுக்கும், அதை அடித்துவிட்டுத்தான் சராசரியை எழுத வேண்டும். பதினேழாம் பாத்தியில் மற்றப் பாத்திகளைவிட இரண்டு மடங்கு கரும்பு விளைந்திருந்தது. அது செய்த குற்றம் அவ்வளவுதான்.

1953-ல் கியூர்பிப்பில் பொன்னுசாமி என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டு முற்றத்து மழைமானி மட்டும் அக்கம்பக்கத்தைப்போல மூன்று மடங்கு காட்டியது. பூங்காவனம் அடித்தாள். அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் மழை பெய்யவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மிளகாய்ச் செடி நனையும், இந்தப் பக்கம் தூசி பறக்கும். வருஷம் முழுக்க ஈரத்தில் ஊறிக் கிடக்கும் கியூர்பிப்பில் துணி காயக்கூடிய ஒரே முற்றம் அதுதான் என்று தெருவே தன் துணிகளை அங்கே கொண்டுவந்து கட்டியது. பொன்னுசாமி கொடிக்கயிறு இரண்டு கூட வாங்கிப் போட்டார். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், அதைக் குறையாகச் சொல்லவில்லை.

1955-ல்தான் பூங்காவனத்துக்குப் பயம் பிடித்தது. மலேரியா போய்விட்டது என்று பேசிக்கொண்டிருந்த சமயம். தெற்கே கடலோரக் கிராமம் ஒன்றின் காய்ச்சல் கணக்கில் பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஒன்று வந்திருந்தது, பழக்கத்தில் அடித்துவிட்டாள். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்த ஒன்று ஓர் ஆள் என்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் விசாரித்தாள். ஒதில் என்ற தையல்காரியாம். கதவு திறந்தே இருந்தது. தையல் மெஷினில் பாதி தைத்த நீலச் சட்டை, துணிக்குள் இறங்கியபடி நின்ற ஊசி. பக்கத்து வீட்டுப் பெண், “இருந்தா. இப்ப இல்ல,” என்றாள், மீன் விலை சொல்வது போல.

திங்கட்கிழமை காலை பூங்காவனம் நேராக முஸ்யே தெனியிடம் போய் நின்றாள். “அந்தப் பொண்ணு போயிட்டா, முஸ்யே.” அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “காய்ச்சலும் போயிடுச்சு, மதாம். அறிக்கை சரியா வந்திருக்கு,” என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வெட்கம் என்று ஒன்று இருந்ததாகத்தான் தெரியவில்லை. அடுத்த வாரம் அவள் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டாள். அந்த வாரம் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த ஒரு பஸ்ஸின் நேரத்தை முஸ்யே தெனியே தன் கையால் அடித்தார். அந்த பஸ்ஸும் டிரைவரும் கண்டக்டரும் மறுநாள் ரோஸ் ஹில்லில் கிளம்பினார்கள், எங்கும் வந்து சேரவில்லை. யார் கையால் அடித்தாலும் போனது போனதுதான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. வேலையை விட்டால் இன்னொருத்தி வந்து அடிப்பாள். கண்ணெதிரே இருந்தாலாவது என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கை நடுவிலேயே நடந்தது. பஸ்ஸில் நடு இருக்கையில் உட்கார்ந்தாள், பெரிதும் இல்லாமல் சிறிதும் இல்லாமல் மீன் வாங்கினாள். போர்ட் லூயியின் டிராங்கெபார் பேட்டையில் அவள் தெருப் பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் விட்டால் ஓடிப்போய், முதலாவதா வராதீங்க, கடைசியாவும் வராதீங்க என்று கெஞ்சினாள். அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பிள்ளைகளே சொன்னார்கள். தைப்பூசத்துக்குச் சாந்த் குருவா கோயிலில் புருஷன் காவடி எடுத்து முன்னால் போக, பின்னால் நடந்த பூங்காவனம் ஊரில் எந்தப் பெண்சாதியும் கேட்காத வரத்தைக் கேட்டாள்: முருகா, இவரைச் சாதாரண ஆளாக்கிவிடு.

ஏனென்றால் நாகலிங்கம் சாதாரண ஆள் இல்லை. துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்குகிறவன். மற்றவர்கள் நாளைக்கு நூற்று நாற்பது மூட்டை தூக்கினால் அவன் முந்நூறுக்கு மேல் தூக்குவான். தூக்கும்போது பாரம் தெரிவதில்லை, சாயந்திரம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அது தோளுக்கு வந்து சேருகிறது என்பான். உண்மைதான், அவன் உட்காரும் கட்டிலின் கால்கள் பலகைத் தரையில் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தன.

1958-ல் துறைமுக முதலாளிகள் ஒரு நாளைக்கு ஓர் ஆள் எத்தனை மூட்டை தூக்க வேண்டும் என்று நிர்ணயிக்கக் கிளம்பினார்கள். நாற்பது பேரைப் பொறுக்கி எடுத்து, எண்ணிக் குறித்து, தாளைக் கணக்கு ஆபீசுக்கு அனுப்பினார்கள். பூங்காவனத்தின் மேஜைக்குத்தான் அது வந்தது. முப்பத்தொன்பது பெயர்களுக்கு எதிரே நூற்று முப்பதும் நூற்று ஐம்பதுமாக எண்கள். நாகலிங்கத்துக்கு எதிரே முந்நூற்றுப் பன்னிரண்டு. அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று சாயந்திரமே துறைமுகத் தொழிலாளர்கள் சார்பில் க்ளோட் என்பவன் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினான். “மதாம், உங்க வீட்டுக்காரர்மேல எங்களுக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா அவர் எண்ணையும் சேர்த்தா ஆளுக்கு நாலு மூட்டை ஏறுது. அறுபது வயசு ஆளுங்க இருக்காங்க, முதுகு ஒடிஞ்சிடும். அவரை மட்டும் கணக்குலேர்ந்து எடுத்துடுங்க.” கேட்டது நியாயம்தான். அவள் யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். நாகலிங்கம் சாப்பிட உட்கார்ந்தபோது பதினேழாம் பாத்தியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. “அப்ப அடிச்சுடு பூங்கா. கிழவனுங்க பாவம்,” என்றான். “உங்களுக்குப் பயமே இல்லையா?” என்று கேட்டதற்கு எழுந்துபோய்க் கை கழுவினான். அன்று பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் தாள் போயாக வேண்டும். முஸ்யே தெனி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். பூங்காவனம் கைப்பிடியைச் சுற்றினாள். நாற்பது பேருக்கும் சேர்த்துச் சராசரி நூற்று நாற்பத்து நாலு புள்ளி மூன்று என்று வந்தது. தாளின் அடியில் எழுதினாள். “இப்ப அந்த ஆளை அடிங்க, மதாம்,” என்றார் அவர். சிவப்புப் பென்சிலை எடுத்தாள். முனை இரண்டு தரம் ஒடிந்தது, இரண்டு தரமும் சீவினாள். பிறகு நாகலிங்கத்தின் பெயரைத் தாண்டி, கடைசிப் பெயரையும் தாண்டிக் கீழே வந்து, அந்தச் சராசரியை அடித்தாள்.

“எதை அடிச்சீங்க?” என்று கேட்டார் முஸ்யே தெனி. அவளை விலக்கிவிட்டுத் தானே உட்கார்ந்து மெஷினைச் சுற்றினார். எண் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன, எந்த எண்ணிலும் நிற்கவில்லை. மற்ற ஐந்து மெஷின்களிலும் போட்டுப் பார்த்தார்கள். கரும்புக்கு விடை வந்தது, மழைக்கு வந்தது, துறைமுகத்துக்கு மட்டும் வரவில்லை. திங்கட்கிழமை அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அன்றிலிருந்து துறைமுகத்தில் சராசரி என்று ஒன்று கிடையாது. மூன்று நாளில் மூட்டை ஏற்றி முடிக்கிற கப்பலை ஒருநாள் மத்தியானத்துக்குள் முடித்தார்கள், அடுத்ததற்குப் பதினேழு நாள் ஆனது. வேலை முடிகிற சங்கு ஒருநாள் இரண்டு மணிக்கு ஊதியது, ஒருநாள் ஊதவே இல்லை. நாகலிங்கம் முந்நூறு மூட்டையும் தூக்கினான், ஆறு மூட்டையும் தூக்கினான், யாரும் தலையைத் திருப்பவில்லை, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. எத்தனை மூட்டை என்று முதலாளிகளும் ஆட்களும் தினம் காலையில் புதிதாகச் சண்டைபோட்டு முடிவு செய்துகொண்டார்கள். கி பு ஃபேர் என்றான் க்ளோட். நாலு மூட்டை ஏறவில்லை என்பதே அவனுக்குப் போதும்.

1968 ஜனவரியில் நகரத்தில் கலவரம் நடந்தபோது நாகலிங்கம் எட்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. ஒன்பதாம் நாள் தோளில் சர்க்கரைத் தூசியோடு வந்து, அன்று காலையில்தான் போனவன்போல டீ கேட்டான். மார்ச்சில் சுதந்திரம் வந்து கொடி மாறியது, தெருவெல்லாம் காகிதத் தோரணம் கட்டினார்கள். அந்த வாரத்தில் ஒரு சாயந்திரம் பூங்காவனம் வாசலில் நின்றிருந்தாள். எதிர்வீட்டுப் பாக்கியம் தோரணத்தை அவிழ்த்துக்கொண்டே, “என்னக்கா, அண்ணன் இன்னைக்கு லேட்டா?” என்று கேட்டாள்.

“தெரியல பாக்கியம்,” என்றாள் பூங்காவனம். வழக்கமாக வருகிற நேரம் என்று ஒன்று இருந்தால்தானே தாமதம் என்று சொல்ல முடியும். அவன் இனி வரவே போவதில்லை என்றாலும், அது தெரிய எத்தனை நாள் ஆகும் என்று அவளால் சொல்ல முடியாது. பத்து வருஷமாக இப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள், பத்து வருஷமும் பயம் ஒரே அளவாக இருந்தது. உள்ளே போய்த் தண்ணீரை மறுபடி சூடாக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள்.