இரண்டு மில்லி

பட்டறைத் தெருவில் வண்டிகளின் கூரைமேல் சாமான் ஏற்ற ரூஃப் ரேக் செய்து கொடுப்பவரின் வீட்டு ஜன்னல் கம்பிகள் ஏழே வாரத்தில் நூல் கனத்துக்கு மெலிந்துபோயின. யாரும் அரம் போட்டு அறுக்கவில்லை, துருவும் பிடிக்கவில்லை. ஜன்னலுக்கு அடுத்து வாசல் கேட், கேட்டுக்கு அடுத்து சமையலறை வாணலி, கடைசியில் அவருடைய ரத்தம் என்று வரிசையாக இரும்பு குறைந்துகொண்டே வந்தது. குறைந்ததெல்லாம் எங்கே போனது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு தெரு தள்ளி ஒரு தையல்கடையின் பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்த உடைந்த ரேக்குக்குப் போனது. போகவேண்டிய இடத்துக்குத்தான் போனது என்று இதை எழுதுகிறவன் நினைக்கிறான். நடுநிலையாக எழுதச் சொல்பவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

அவருக்கு மில்லிக்காரர் என்று பெயர் வந்ததே அவர் வாயால்தான். வண்டியைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, "ஒரு மில்லி பிசகாதுங்க, பிசகினா என் கைய வெட்டிக்கறேன்" என்பார். இருபது வருடமாக இதைச் சொல்லி வந்தார், இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. நீளத்திலும் அகலத்திலும் அவர் உண்மையிலேயே பிசகியதில்லை. அவர் பிசகியதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பைப்பின் சுவர் கனத்தில். இரண்டு மில்லி கனம் என்று பேசுவார், ஒன்றேகால் மில்லி பைப்பில் செய்வார். வெட்டிய வாயில் கறுப்பு பிளாஸ்டிக் மூடியை அடித்து, மேலே பளபளவென்று பெயிண்ட் ஏற்றிவிட்டால் கனத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? பெட்டியும் படுக்கையும் ஏற்றுகிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. போதும் என்று முடிவு செய்தவர் அவரேதான். அவர்களை யாரும் கேட்கவில்லை.

தையல்காரம்மா வேறு ரகம். துணி தைக்கக் கொடுத்தால், தைத்த துணியோடு மிஞ்சிய துண்டுகளையும் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். விரல் அகலத் துண்டாக இருந்தாலும் சரி. "இத வச்சு நான் என்னங்க பண்றது" என்று வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். "உங்க துணி, நீங்களே தூக்கிப் போடுங்க" என்பாள். அவளுக்கு ஒரே மகள். மகள் ஒற்றையாள் துடுப்புப் படகு ஓட்டுகிறவள். அந்தப் படகு எட்டு மீட்டர் நீளம், ஒரு முழம் அகலம், எடை பதினாலு கிலோ. நாலு வருடம் தைத்த பள்ளிச் சீருடைகள்தான் அந்தப் படகு என்று சொன்னால் மிகையில்லை. மகளுக்கு இருபத்திரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு வருடத்துக்கு ஒருமுறை ஆள் எடுக்கும் தேர்வு தலைநகரத்து ஏரியில் நடக்கவிருந்தது, அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

வீட்டில் இருந்தது ஒரு பழைய எஸ்.யூ.வி. கடையில் ரெடிமேடாக விற்கும் ரேக்கில் சூட்கேஸ் வைக்கலாம், எட்டு மீட்டர் படகை வைக்க முடியாது. முன்னும் பின்னும் கை நீட்டிய மாதிரி ரேக் நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் படகைக் காற்று பிடித்து ஆட்டிவிடும். தையல்காரம்மா இதையெல்லாம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து, சட்டைக்கு அளவு எழுதுவதுபோல ஒவ்வொரு நீளத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். பைப் இரண்டு மில்லி கனம் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். "அண்ணே, எடை ஒண்ணுமில்ல. காத்துதான் பிரச்சினை. ஆடக்கூடாது" என்றாள். மில்லிக்காரர் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பாராட்டினார். அவர் காதில் விழுந்தது பதினாலு கிலோ மட்டும்தான். பதினாலு கிலோவுக்கு எதற்கு இரண்டு மில்லி என்று அவர் அப்போதே முடிவுகட்டிவிட்டார். இதை அவர் பிற்பாடு தன் வாயாலேயே சொன்னார், சொல்லும்போது வெட்கப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று உரசினாற்போல முந்திப்போனது. அது கிளப்பிய காற்றில் ரேக்கின் முன் கை படபடத்தது. வெல்டிங் வைத்த இடத்தில் பைப்பின் சுவர் ஏற்கெனவே பாதி எரிந்து போயிருந்தது, ஒன்றேகால் மில்லி அந்தச் சூட்டைத் தாங்காது. கை முறிந்தது. காற்றில் எழும்பிய படகு வண்டிக்குப் பின்னால் தார்ச்சாலையில் விழுந்து இரண்டாக உடைந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்று பிறகு பலபேர் ஆறுதல் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களை எல்லாம் அன்றே வரிசையாக நிற்கவைத்துக் கேட்டிருக்க வேண்டும், அந்தப் பெண்ணுக்கு எங்கே அடிபட்டது என்று உங்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா என்று. மகள் மறுநாள் இரவல் படகில் ஓட்டினாள். கால் வைக்கும் பலகை அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. நாலாவதாக வந்தாள். எடுத்தது மூன்று பேரை.

தையல்காரம்மா முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். துணியைத் தொட்டே அதன் தரத்தைச் சொல்லுகிற விரல் அது. மூடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எட்டு மூடிக்குப் பின்னாலும் அதே பொய் இருந்தது. பட்டறைக்குப் போய் முறிந்த துண்டை மேசைமேல் வைத்தாள். மில்லிக்காரர் முதலில் சாலையைக் குறை சொன்னார், பிறகு லாரியைச் சொன்னார், பிறகு கயிறு கட்டிய முறையைச் சொன்னார். "லேடீஸ் ஓட்டினா கொஞ்சம் பாத்து ஓட்டணும்மா" என்றும் ஒரு வார்த்தை விட்டார். கடைசியில் கல்லாவைத் திறந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகும்படி சொன்னார்.

"பணத்த உள்ள வைங்க" என்றாள் அவள். அண்ணே என்று அவரைக் கூப்பிடுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள். "முக்கால் மில்லி எடுத்திருக்கீங்க. அத வைங்க."

"செஞ்ச பைப்புல எப்பிடிம்மா கனத்த ஏத்த முடியும்? என்ன பேசறீங்க?"

"எடுக்கத் தெரிஞ்ச உங்களுக்கு வைக்கத் தெரியாதா?"

பட்டறையில் இருந்த நாலு பேரும் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மில்லிக்காரர் சிரித்தார். அவர் அங்கே சிரித்தது அதுதான் கடைசி.

முறிந்த துண்டோடு கடைக்குத் திரும்பியவள் அதையும் ரேக்கையும் சேர்த்துப் பின்சுவரில் சாய்த்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தாள். அரை மணி நேரம் போட்ட பிறகுதான் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் செருகவில்லை என்று மகள் பார்த்துச் சொன்னாள். பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. அதே வாரத்தில் ரேக்கும் கனக்க ஆரம்பித்தது. மகள் கல்லூரியில் வாங்கிய, கனம் அளக்கும் வெர்னியரை வைத்து அம்மா தினமும் காலையில் அளந்தாள். ஒன்று புள்ளி இரண்டு ஆறு, ஒன்று புள்ளி மூன்று. முறிந்த இடத்தில் புது இரும்பு ஈறுபோல வளர்ந்து இரண்டு முனைகளும் ஒட்டிக்கொண்டன.

மில்லிக்காரர் ஜன்னலுக்குப் புதுக் கம்பி போட்டார், அது எட்டு நாள் தாங்கியது. கேட் ஒருநாள் பால்காரர் தட்டியதும் வளைந்து தொங்கியது. வாணலியில் ஊற்றிய எண்ணெய் அடுப்பில் ஒழுகியது. வீட்டுக்காரியின் தலைப்பின்கள்கூட விரலில் பிடிபடவில்லை. பிறகு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முகம் வெளுத்துச் சுண்ணாம்பாகிவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், மாத்திரையில் இருந்த இரும்பும் மறுநாளே போய்விட்டது. ரத்தத்தில் இரும்பு இவ்வளவு குறைந்தவர் எப்படி நடந்து வந்தார் என்று டாக்டர் கேட்டதற்கு, ஆட்டோவில் வந்தேன் என்று அவர் பதில் சொன்னாராம்.

அவருடைய மனைவி மட்டும் தையல்கடைக்கு வந்தாள். நல்ல பெண், அவளுக்கு எதுவும் தெரியாது. "நீங்க கொஞ்சம் கோபத்த விட்டீங்கன்னா..." என்று இழுத்தாள்.

"நான் எதையும் புடிச்சு இழுக்கலம்மா, அதுவா வருது" என்றாள் தையல்காரம்மா. "கோபத்த எங்க விடறது? சொல்லுங்க, போய் விட்டுட்டு வரேன்."

அந்த அம்மாள் வீட்டுக்குப் போய்க் கணவனை உட்காரவைத்து, என்னத்தை எடுத்தீர்கள், யார் யாரிடம் எடுத்தீர்கள் என்று கேட்டாள். அவர் முதலில் ஒருவரைச் சொன்னார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பத்தாவது மாதம் ஒரு காலையில் வெர்னியர் சரியாக இரண்டு காட்டியது. மறுநாளும் இரண்டு, அதற்கு மறுநாளும் இரண்டு. ஒரு தூசி அதிகமாக ஏறவில்லை. தையல்காரம்மா ரேக்கை வண்டியில் மாட்டி, பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். மகள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். மில்லிக்காரர் தூணைப் பிடித்து எழுந்து வந்து, தன் வெர்னியரைத் திறந்த பைப் வாயில் வைத்து அளந்தார். துடைத்துவிட்டு இன்னும் இரண்டு முறை அளந்தார்.

"ரெண்டு" என்றார். அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பினாற்போல இருந்தது. "கரெக்டா ரெண்டும்மா. எல்லாம் சரியாப் போச்சுல்ல?"

"அடுத்த மாசம் அவளுக்கு இருபத்துமூணு" என்றாள் தையல்காரம்மா.

அவர் வண்டிக்குள் பார்த்தார். மகளும் அவரைப் பார்த்தாள். தையல்காரம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தால் எட்டு கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள்.

"உங்களோடது. மிச்சத்த வச்சுக்கற பழக்கம் எனக்கு இல்ல."

மில்லிக்காரர் வீட்டு ஜன்னல் கம்பி அதற்குப் பிறகும் தேறவில்லை. இப்போது இரும்பு ஒரு பள்ளி வேனின் கேரியருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அடுத்து ஒரு மேளக்காரரின் வண்டி காத்திருக்கிறது, இருபது வருட வேலை அல்லவா. மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, "இந்த மாசம் யாருக்கு சார்?" என்று லேப் பெண் ஊசியைக் குத்திக்கொண்டே கேட்கிறாள், அவரும் சொல்கிறார். பட்டறையில் இப்போது எந்தப் பைப்புக்கும் மூடி கிடையாது.

மகள் ஏரியில் சின்னப் பிள்ளைகளுக்குத் துடுப்புப் போடச் சொல்லித் தருகிறாள். பிள்ளைகளின் படகுகள் அந்த ரேக்கில்தான் போய் வருகின்றன, எந்தக் காற்றுக்கும் ஆடுவதில்லை. போன மாதம் மின்வாரிய ஆள் தையல்கடை மீட்டரைச் சந்தேகப்பட்டு உள்ளே வந்தார். வயர் செருகாத பெட்டியில் ஆவி பறப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எப்பம்மா ஆறும் இது?"

தையல்காரம்மா சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தினாள். "அவ வயசு ஒண்ணு குறையட்டும், ஆறும்."

அவர் மீட்டரில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.