சிட்டுவின் செல்கள்

சிட்டு போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும், அவளுடைய கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அக்காவின் ஆய்வுக்கூடத்தில் கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருந்தன.

அக்காவுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சிதான் பிழைப்பு. தங்கை சிட்டுவுக்கே கருப்பையில் கட்டி வந்தபோது, அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் சிட்டுதான் பேச்சை எடுத்தாள்.

“வெட்டி எடுக்கிறதைக் குப்பையில போடுறதுக்குப் பதிலா நீயே கொண்டுபோ. எனக்குத்தான் அடங்க மாட்டேங்குது. உனக்காவது அடங்குதான்னு பாரு.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அக்காவால் சிரிக்க முடியவில்லை.

நோயாளியிடமிருந்து எடுக்கும் செல்கள் குடுவையில் அத்தனை சுலபத்தில் பிழைப்பதில்லை. சிட்டுவின் செல்களும் முதலில் சோம்பிக் கிடந்தன. அக்கா ஊட்டநீரை மாற்றி மாற்றிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில் குடுவையின் அடி முழுக்கச் செல்கள் படர்ந்திருந்தன. அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அந்த வாரக் கடைசியில் சிட்டு இறந்துபோனாள்.

சிட்டுவின் மகளுக்குப் பதினைந்து வயது. அம்மா போனபின் அவள் கத்தரிக்கோலை எடுத்துத் தலைமுடியைக் கன்னாபின்னாவென்று வெட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகிறேன் என்று கிளம்பிப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா, பாவம், ஒன்றும் புரியாமல் அக்காவுக்குப் போன் செய்தார்.

“நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்கக்கா. நான் வாயைத் திறந்தாலே எரிஞ்சு விழுறா.”

அக்காவுக்கும் பேசத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை அவளை லேபுக்கு அழைத்து வந்து மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தாள்.

“இது அம்மாவா பெரியம்மா?”

“அம்மா இல்லம்மா. அம்மாவோட கட்டி.”

“அம்மாவைக் கொன்னது.”

“ஆமா.”

பெண் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“அழகா இருக்கு,” என்றாள். பிறகு, “சனியன்.”

அதற்குப் பின் சனிக்கிழமை தவறாமல் வந்தாள். அளவு பெரிய வெள்ளைக் கோட்டைக் கையை மடித்துப் போட்டுக்கொண்டு, வந்ததும் வராததுமாகக் கேட்பாள்: “இந்த வாரம் என்ன மருந்து போட்டீங்க? செத்துச்சா?” ஒரு புது மருந்துக்குப் பாதிச் செல்கள் செத்தன. அன்றைக்கு அவள் குதித்த குதியில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்தாள். மேல்வகுப்பில் உயிரியல் எடுக்கப்போவதாகச் சொன்னாள்.

அந்த மருந்தைப் பற்றி அக்கா எழுதிய கட்டுரையை வெளியிடும் முன், செல்களின் அடையாளத்தை உறுதி செய்து அனுப்பும்படி ஆய்விதழ்க்காரர்கள் கேட்டார்கள். வழக்கமான சோதனைதான். அக்கா செல்களைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு மறந்தே போனாள்.

முடிவு வந்ததும் ஆய்வுக்கூடத்துப் புரொபசர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உக்காருங்க. அது உங்க தங்கச்சியோட செல் இல்ல.”

“மறுபடி பார்க்கச் சொல்லுங்க சார்.”

“ரெண்டு தடவை பார்த்தாச்சு. அது ஓர் ஆணோட செல். நம்ம பக்கத்து ஷெல்ஃப்ல எப்பவும் வளர்க்குறோமே, அதேதான்.”

உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் காலங்காலமாக வளர்க்கப்படும், அசுர வேகத்தில் பெருகும் செல்கள் அவை. எப்போதோ ஒரு துளி சிட்டுவின் குடுவையில் தெறித்திருக்கும். இல்லையென்றால் ஊட்டநீர் ஊற்றிய குழாயை மாற்ற மறந்திருப்பார்கள். ஒரு துளி போதும். அந்தத் திங்கட்கிழமை குடுவையில் எழுந்து வந்தது யார் என்று அக்காவுக்கு இப்போது புரிந்தது. ஆரம்பத்தில் சிட்டுவின் செல்களை உறைய வைத்திருந்த குப்பிகளை ஓடிப்போய் எடுத்து உருக்கிப் பார்த்தாள். அவற்றில் ஒன்றிலும் உயிரில்லை.

“சின்னப் பொண்ணுகிட்ட இதையெல்லாம் சொல்லணும்னு அவசியமில்ல,” என்றார் புரொபசர்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அக்காவும் யோசிக்காமல் இல்லை. ஆனால் சனிக்கிழமை அந்தப் பெண் கோட்டை மாட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்ததும், அக்காவுக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டாள்.

“அப்ப இத்தனை நாளா நான் யாரைப் பார்த்துட்டிருந்தேன்?”

“யாரோ ஒருத்தர். எப்பவோ செத்துப்போனவர்.”

“அம்மாவோடது?”

“ஆரம்பத்திலேயே செத்திருக்கும். எனக்குத் தெரியல.”

“தெரியலையா? அதுதானே உங்க வேலையே!”

அக்கா மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள்.

“நீங்க அந்தப் பக்கம் போறப்ப நான் அதுகிட்டப் பேசுவேன்,” என்றாள் பெண். “முதல்ல திட்டத்தான் செஞ்சேன். அப்புறம் ஸ்கூல்ல நடந்ததெல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன். எல்லாத்தையும் சொன்னேன், பெரியம்மா. யார்னே தெரியாத ஓர் ஆள்கிட்ட.”

கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள். அக்கா பின்னாலேயே படிக்கட்டு வரை ஓடினாள். அதற்குள் வெளிக்கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். குடுவைகளை அழிக்கும் வேலையை வேறு யாரிடமும் கொடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து ப்ளீச் ஊற்றினாள். சிவந்திருந்த ஊட்டநீர் வெளுத்துக்கொண்டே வந்தது. யாருக்காகத் துக்கப்படுவது என்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை.

பெண் அப்புறம் லேப் பக்கம் தலைகாட்டவில்லை. அவள் அப்பாதான் போன் செய்தார்.

“என்னக்கா சொன்னீங்க அவகிட்ட? மறுபடியும் ஸ்கூலுக்குப் போகல. ரூமைவிட்டே வர மாட்டேங்குறா.”

அக்கா அன்றைக்கே போனாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டிப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். சமாதானம் சொல்ல ஏதாவது வார்த்தை கிடைக்குமா என்று தேடினாள். அகப்பட்டதெல்லாம் லேபில் பேசும் வார்த்தைகள்.

வெகுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

“போயிட்டீங்களா?”

“இல்லம்மா. இங்கதான் இருக்கேன்.”

“போங்க.”

அக்கா எழுந்திருக்கவில்லை. சிட்டுவின் கணவர் டீ கொண்டுவந்து அவளருகில் வைத்துவிட்டு, அவரும் எதிரே உட்கார்ந்தார். டீ ஆறி ஏடு கட்டியது. கதவு அன்று திறக்கவில்லை.